தேசப் பாதுகாப்பும் சித்திரவதையும்: அரசின் பொறுப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

1957ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி, பாரிஸ் நகரின் சோர்போனில், கணிதத்துறைக் கலாநிதிப் பட்ட ஆய்வேடு ஒன்று தேர்வாளர் குழுவின் முன் விளக்கப்பட்டது. அதனை எழுதிய மொறிஸ் ஓடான் அங்கு சமுகமளிக்கவில்லை. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராக இருந்த அவருக்கு வயது 25. மூன்று குழந்தைகளின் தந்தை. அல்ஜீரியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அவ்வாண்டு யூன் 11ஆம் திகதி இரவு பிரெஞ்சுப் பரசூட் படையினர் அவரை வீட்டிலிருந்து கொண்டு சென்றனர். அதன்பின் மனைவி ஜோசெத் அவரைக் காணவில்லை. பேராசிரியர் றெனே த பொசெல் தம் மாணவனுக்குப் பதிலாக நின்று ஆய்வேட்டை விளக்கினார். தேர்வாளர் பட்டத்தை வழங்கினர். பல்கலைக்கழகம் தன் கடமையை இவ்வாறு செய்து முடித்தது. அரசு என்ன கூறிற்று? யூன் 21ஆம் திகதி வேறிடத்துக்குக் கொண்டு செல்லப்படுகையில் கைதி வாகனத்திலிருந்து தப்பியோடிவிட்டார் என்று கூறிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதுவே அரசின் கூற்றாக இருந்தது.

நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு ஓர் அரசு தன் காவலில் உள்ள மனிதனை வதைக்குமாயின், அதற்கு யார், யாரிடம், எவ்வாறு பொறுப்புக்கூற வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா. சித்திரவதை தீதென்பதை இன்று எந்த அரசும் வெளிப்படையாக மறுப்பதில்லை. மறுக்காமலே அது நடைபெறுகிறது. ஆகவே தீதென்று நிறுவுவதிற் காலம் போக்குவதைவிட, தீதென்று அறிந்தே அதனைச் செய்யும் அரசு தன் சார்பில் முன்வைக்கும் நியாயத்தை ஆராய்தல் பயனுடையது.

அந்நியாயம் அற்பமானதன்று. 1956 செப்ரெம்பர் 30ஆம் திகதி தேசிய விடுதலை முன்னணியினர் அல்ஜியர்சின் சிற்றுண்டிச்சாலைகளில் வைத்த குண்டுகள் வெடித்தன. உயிரிழந்தோரும் உறுப்பிழந்தோரும் போருடன் தொடர்பற்றவர்கள். காயமுற்றோருட் சிறுவரும் இருந்தனர். அதற்கு முந்திய மாதத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த தீப்ஸ் வீதியில் ஐரோப்பியத் தீவிரவாதிகள் வைத்த குண்டு வீடுகளைத் தகர்த்திருந்தது. குற்றம் ஒரு பக்கத்தது மட்டுமன்று. எனினும் எப்பக்கத்தார் வைத்த குண்டாயினும் குடிமக்களைக் காப்பது ஆள்வோரின் கடமை. இக்கடமையை ஏளனம் செய்துகொண்டு சித்திரவதையைக் கண்டிப்போர் பாதி வினாவுக்கே விடை கூறுகின்றனர். ஆள்வோர் கேட்பது இது: குண்டு நகரில் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டுள்ளது, இடமறிந்தவன் அகப்பட்டுள்ளான், வாய் திறக்க மறுக்கிறான், மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவனுடைய நோவுக்கு அஞ்சி நூறுபேரைச் சாக விடுவதா?

மெய்யியல் வகுப்புகளிற் கற்பனையாகக் கூறப்படும் இவ்வுதாரணம் அல்ஜியர்சில் ஏறக்குறைய அவ்வாறே நிகழ்ந்தது. 1956 நவெம்பர் 14ஆம் திகதி, எரிவாயுத் தொழிற்சாலையொன்றின் தொழிலாளியான பெர்னான் இவ்தோன் என்பார் அங்கு குண்டு வைத்துப் பிடிபட்டார். அக்குண்டு வெடிக்குமுன் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் இன்னொரு குண்டும் நகரில் இருப்பதாகப் பொலிசார் நம்பினர். அல்ஜியர்ஸ் நிர்வாகத்திற் பொலிசுக்குப் பொறுப்பான செயலாளர் போல் தெட்ஜென் என்பவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியரின் கெஸ்டாப்போ அவரையே வதைத்திருந்தது. இவ்தோனை வதைத்து விசாரிக்க அனுமதி வேண்டப்பட்டபோது அவர் மறுத்தார். பிற்பகல் முழுவதும் தாம் நடுங்கிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். குண்டு வெடிக்கவில்லை.

குண்டு வெடிக்காதபடியால் தெட்ஜென் செய்தது சரியாயிற்று என்று வாதிடுதல் பொருந்தாது. வெடித்திருப்பின் அவர் முடிவு பிழையாகியிருக்கும் என்று அப்போது ஒப்புக்கொள்ள நேரிடும். விளைவு தெரியாத வேளையில் எடுத்த முடிவை அவ்வேளையிற்றான் நிறுத்துப் பார்க்க வேண்டும். தாம் மறுப்பதன் விலையை அம்மனிதர் அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய நடுக்கமே சான்று. ஆயின் இக்கதையில் மேலும் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மேலதிகாரி மறுத்திருந்தும் பொலிசார் இவ்தோனை வதைத்தேவிட்டனர் என்பது பின்னர் வெளியாயிற்று. அனுமதி வேண்டியது ஒரு சடங்கு. செயல் அதற்காகக் காத்திருக்கவில்லை. எவருக்கும் தீங்கு விளைக்காத குண்டொன்றுக்காக 1957 பெப்ரவரி 11ஆம் திகதி இவ்தோனின் தலை துண்டிக்கப்பட்டது.

குண்டின் வாதம் ஒரு மனிதனையும் ஒரு மணி நேரத்தையும் மட்டுமே காட்டுகின்றது. அரசு செய்யும் வதை அவ்வாறு நிகழ்வதில்லை. அதற்கு அறைகள் வேண்டும், அறைகளுக்குக் காவல் வேண்டும், மின்பிறப்பாக்கி வேண்டும், அதைக் கையாளப் பழகியவர் வேண்டும், கைதி இறந்துவிடாமற் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், இறந்துவிட்டாற் சொல்வதற்குக் கதை வேண்டும், கதையைத் தட்டெழுத்திற் பொறித்து உரிய இடங்களுக்கு அனுப்ப எழுதுவினைஞர் வேண்டும். கைபழகியவர் வேண்டுமென்றால் அக்கை முன்னரே பழகியிருக்க வேண்டும். பழகுவதற்கு உடல்கள் தேவைப்பட்டிருக்கும். அவ்வுடல்களுக்குரியோர் எந்தக் குண்டைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஆயத்தமாக நிற்பதற்கே பல ஆண்டுக்கால வதை முன்கூட்டி நடந்திருக்க வேண்டுமென்பதை அவ்வாதம் கூறாமல் விடுகின்றது.

அல்ஜீரியாவின் ஆவணங்கள் இதனை உறுதிப்படுத்துகின்றன. சிற்றுண்டிச்சாலைகளிற் குண்டு வெடிப்பதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, 1955 மார்ச் மாதத்தில், றொஜே வுய்யோம் என்னும் உயர் அதிகாரி ஆளுநர் நாயகத்துக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். நீரும் மின்சாரமும் கொண்டு விசாரிக்கும் முறைகள் பொலிசில் வழக்கமாக உள்ளன என்று கண்ட அவர், அவற்றை நிறுத்துமாறு கூறவில்லை. எச்சரிக்கையுடன் கையாளப்படுமிடத்து அவற்றுட் சிலவற்றை அங்கீகரிக்கலாம் என்றே பரிந்துரைத்தார். ஆளுநர் நாயகம் சூஸ்தெல் அப்பரிந்துரையை ஏற்கவில்லை, முறைகளோ தொடர்ந்தன. 1956 மார்ச் மாதத்திற் கீ மொலேயின் சோஷலிச அரசாங்கம் கொண்டுவந்த விசேட அதிகாரச் சட்டத்துக்கு 455 பிரதிநிதிகள் ஆதரவாக வாக்களித்தனர்; எதிர்த்தோர் 76 பேர். 1957 சனவரியில் அல்ஜியர்சின் பொலிஸ் அதிகாரம் ஜெனரல் மசூவிடமும் அவருடைய பரசூட் படைப்பிரிவிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஓடானை வதைத்த கை எவருடையதாயினும், அக்கைக்குக் கதவு திறந்துவிட்டவர்கள் வாக்குச்சீட்டுடன் பாரிசில் அமர்ந்திருந்தார்கள்.

மசூவின் காலத்தில் தெட்ஜென் என்ன செய்தார் என்பது அறிதற்குரியது. கைதானோரைத் தடுத்து வைக்கும் உத்தரவுகளில் ஒப்பமிடுவது அவருடைய பணியாயிற்று. 24,000 பேர் வரையானோருக்கு அவர் ஒப்பமிட்டார். பின்னர் பெயர்ப்பட்டியலையும் முகாம்களில் உள்ளோரையும் ஒப்புநோக்கிக் கணக்குப் பார்த்தார். அவர் கணக்கில் 3,024 பேர் குறைந்தனர். இவ்வெண் சரியானதா என வரலாற்றாசிரியர் பின்னாளில் வாதிட்டுள்ளனர். அது அவர்களுடைய வேலை. ஓர் எழுதுவினைஞனின் பொறுமையோடு தன் சொந்தக் கையொப்பங்களின் கதியைத் தேடிச் சென்ற அதிகாரி ஒருவர் அங்கு இருந்தார் என்பதே இங்கு வேண்டப்படுவது. 1957 மார்ச் 24ஆம் திகதி அவர் பதவி விலகற் கடிதம் எழுதினார். தாம் கெஸ்டாப்போவின் நிலவறைகளில் அனுபவித்த வதையின் தழும்புகளையே கைதிகளின் உடலிலும் கண்டதாக அதிற் குறிப்பிட்டார். அவ்வாண்டு செப்ரெம்பர் வரை அவர் பதவியிலிருந்து விடுவிக்கப்படவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்திற் சித்திரவதைக்கு எதிராகப் பகிரங்கக் கடிதம் எழுதிய ஜெனரல் பொலார்டியேருக்கு 60 நாள் கோட்டைச்சிறை கிடைத்தது.

சித்திரவதையால் உண்மை வெளிவராது, அஞ்சியவன் எதையும் கூறுவான், ஆகவே அதனைச் செய்யலாகாது என்று வாதிடுவோர் பலர். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. மசூவே 2000ஆம் ஆண்டில், தம் முதுமையில், வதையின்றியும் காரியத்தை நடத்தியிருக்கலாம் என ஒப்புக்கொண்டார். ஆயினும் அறத்தை இத்தூணின் மேல் நிறுத்துதல் ஆபத்தானது. என்றோ ஒருநாள் வதைபட்டவன் உண்மையைக் கூறிவிட்டால் அன்றைக்கு அறம் சரிந்துவிழும். மசூ 1971இல் வெளியிட்ட நூலில், மின்சார வதையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்ததாகவும் எழுதினார். தாங்கக்கூடியதே என்பது அவர் உணர்த்த விரும்பியது. ஜெனரல் தம்மையறியாமலே அங்கு வேறோர் உண்மையை வெளியிட்டுவிடுகிறார். அவர் "போதும்" என்றால் இயந்திரம் நின்றிருக்கும். போதும் என்று சொல்லும் உரிமை இல்லாமையே வதை. அவ்வுரிமை உள்ளவர் அனுபவித்தது நோவு மட்டுமே. ஒரு மனிதனின் உடலை அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பதும், அவன் சொல் எதுவும் எவரையும் தடுக்காத நிலைக்கு அவனைக் கொண்டுவருவதும், உண்மை வெளிவந்தாலும் வராவிட்டாலும் அதே செயலே ஆகும்.

எனின், தேவை என்ற நியாயத்துக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அதன் இடம் வேறு. தீப்பிடித்த வீட்டின் கதவை உடைத்து உள்ளே செல்பவன் அடுத்த நாள் வீட்டுக்காரன் முன் வந்து, உடைத்தேன், இன்ன காரணத்தால் உடைத்தேன் என்று சொல்கிறான். கேட்டவர்கள் அவனை மன்னிக்கலாம், பாராட்டவும் செய்யலாம். என்றோ தீப்பிடிக்கக்கூடும் என்று கூறி ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் கள்ளத்திறப்புச் செய்து வைத்துக்கொள்பவனை யாரும் அவ்வாறு கருதமாட்டார்கள். தேவை என்பது குற்றஞ்சாட்டப்பட்டவன் செயல் முடிந்தபின் நீதிபதியின் முன் கூறத்தக்க வாதம். அரசுகளோ அதனை முன்கூட்டிய உத்தரவுப் பத்திரமாக வேண்டுகின்றன. அப்பத்திரத்தையும் இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டுகின்றன.

இவ்வேறுபாடு இஸ்ரேலில் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1987இல் அங்கு நியமிக்கப்பட்ட லண்டாவ் ஆணைக்குழு, விசாரணையில் 'மிதமான உடல் அழுத்தம்' பிரயோகிக்கலாம் எனக் கூறி, அதற்கான விதிகளையும் வகுத்தது. 1999 செப்ரெம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அம்முறைகளைச் சட்டவிரோதமானவை எனத் தீர்த்தது. வழக்குத் தொடரப்படும் தனி விசாரணையாளர் ஒருவர் தேவை என்ற வாதத்தைக் கூறிப் பார்க்கலாம். அரசு அதனையே அதிகாரத்தின் ஊற்றாகக் கொண்டு முன்கூட்டி விதி வகுக்க முடியாது என்றது நீதிமன்றம். தெளிவான தீர்ப்பு. ஆனால் அதே ஆண்டில் அங்குள்ள சட்டமா அதிபர், அத்தகைய தேவையின்போது செயற்பட்டவர் மீது வழக்குத் தொடராதிருக்கலாம் என்று வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டார். முன்வாசலால் வெளியேற்றப்பட்டது கொல்லைப்புறத்தால் உள்ளே வந்தது. 1984இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சித்திரவதைக்கெதிரான உடன்படிக்கை, போரோ போர் அபாயமோ அவசரநிலையோ வதைக்கு நியாயமாகாது என்கிறது. இலங்கையும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அதனைத் தன் சட்டநூலிற் சேர்த்துக்கொண்டது. சட்டநூலிலிருந்து விசாரணை அறை வரையுள்ள தூரம் எவ்வளவு என்பதை இலங்கை வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்து எழுவது, பொறுப்புக்கூற வேண்டியவர் யார் என்ற வினா. ஒழுங்கு மீறிய சில படைவீரரின் செயல் என்பதே எல்லா அரசுகளும் முதலிற் கூறும் விடை. தமிழில் ஆள்வோனின் பொறுப்பைப் பேச வருவோர் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் தவிர்க்க முடியாது. அது ஈண்டும் பொருந்துகின்றது. கோவலனை வெட்டியவன் குடித்திருந்த ஒரு காவலன். பொய் சொன்னவன் பொற்கொல்லன். கண்ணகி அவர்களைத் தேடிச் செல்லவில்லை; அரசனின் அவைக்கு வந்தாள். பாண்டியனும், கொல்லன் ஏமாற்றினான் என்றோ காவலன் அவசரப்பட்டான் என்றோ கூறவில்லை. கூறியிருந்தால் இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும். சிலம்பு அவையின் நடுவே உடைக்கப்பட்டது. சான்று எல்லோரும் காணத் தெறித்தது. குற்றம் தன்னுடையது என ஏற்ற அரசன் அங்கேயே உயிர் துறந்தான்.

இக்கால அரசுக்கு அவ்வாறு துறக்க ஓர் உயிர் இல்லை. ஓடான் மறைந்தபோது இருந்த நான்காம் குடியரசு 1958இல் முடிவடைந்து ஐந்தாம் குடியரசு தோன்றியது, அமைச்சர்கள் மாறினார்கள். அன்றைய அரசாங்கம் வேறு, இன்றைய அரசாங்கம் வேறு என்று கூறுவது எளிது. ஆனால் முன்னோர் வாங்கிய கடனைச் செலுத்துவதும், முன்னோர் வகுத்த எல்லையைக் காப்பதும், முன்னோர் வழங்கிய பட்டங்களை மதிப்பதும் அரசின் தொடர்ச்சியாலேயே. வரவில் தொடர்ச்சியும் செலவில் புதுப்பிறப்பும் கோருவது வியாபாரியிடத்தும் ஒப்பப்படுவதில்லை.

பிரெஞ்சு அரசு இக்கணக்கை எவ்வாறு முடித்தது? 1962 மார்ச் 18ஆம் திகதி ஏவியனிற் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நான்கு நாட்களில் இரு பொது மன்னிப்புக் கட்டளைகள் வெளிவந்தன. ஒன்று அல்ஜீரியக் கிளர்ச்சியாளருக்கு; மற்றையது ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கையில் ஈடுபட்டோருக்கு. பகைவனை மன்னிப்பது பெருந்தன்மையாகலாம். தன்னைத்தானே மன்னித்துக்கொள்வதற்கு என்ன பெயர்? மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்குரியது. அரசு அதனை ஜோசெத் ஓடானிடமிருந்து கேளாமலே எடுத்துக்கொண்டது. அவர் தொடுத்த வழக்கு அவ்வாண்டே கைவிடப்பட்டது. நடந்தது போர் என்பதைக்கூட 1999வரை பிரான்சின் சட்டம் ஏற்கவில்லை.

இம்மன்னிப்பின் விசித்திரம் 2001இல் வெளிப்பட்டது. மசூவின் கீழ்ப் பணியாற்றிய போல் ஓசறேஸ் என்ற முதிய ஜெனரல் நூலொன்றை வெளியிட்டு, தாம் வதைத்ததையும் கைதிகளைக் கொன்றதையும் வருத்தமின்றி விவரித்தார். அரசாங்கம் அறிந்தே இருந்தது என்றும் எழுதினார். வதைக்காகவோ கொலைக்காகவோ அவரைத் தண்டிக்கச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. போர்க்குற்றங்களை நியாயப்படுத்தி எழுதிய குற்றத்துக்காக 2002இல் அவருக்கு 7,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. செய்ததற்குத் தண்டனை இல்லை. செய்ததைச் சொன்னதற்குத் தண்டனை. பொறுப்புக்கூறல் என்ற சொல்லில் 'கூறல்' என்பது சும்மா நிற்கவில்லை. கூறுபவனைத் தண்டித்துக் கூறாதவனைக் காக்கும் சட்டம் அச்சொல்லையே தலைகீழாக்கிவிடுகின்றது.

2014இல் ஜனாதிபதி ஒலாந்து, ஓடான் தப்பியோடவில்லை, காவலில் இறந்தார் எனக் கூறினார். 2018 செப்ரெம்பர் 13ஆம் திகதி ஜனாதிபதி மக்றோன், 87 வயதான ஜோசெத் ஓடானின் வீட்டுக்கே சென்றார். ஓடானை வதைத்தோ, வதைத்தபின் கொன்றோ சாகடித்தவர்கள் இராணுவத்தினரே என்றும், அது சிலரின் செயலாயினும் விசேட அதிகாரச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட முறைமையே அதற்கு இடமளித்தது என்றும் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். அதாவது, ஒழுங்கு மீறிய சில வீரர் என்ற பழைய விடை கைவிடப்பட்டது. இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. பாண்டியன் அவையிற் சிலம்பு உடைந்ததற்கு இது ஒருபுடை ஒப்பாகும். எனினும் வேறுபாடும் பெரிது. இங்கே சிலம்பு உடைக்கப்பட்டது வழக்குரைத்தவள் உடைக்கச் செய்ததனால் அன்று. ஆள்வோர் தமக்கு வசதியான காலத்தைத் தாமே தேர்ந்து உடைத்ததனால். அப்போது தண்டிக்கப்பட எவரும் மிஞ்சவில்லை. ஜோசெத் ஜனாதிபதிக்கு நன்றி கூறினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் தாமே என்று அவர் தடுத்தார். நல்ல மறுமொழிதான். ஆயினும் நிலுவையைத் திரும்பப் பெற்றவர் நன்றி சொல்ல நேர்ந்ததே அது கொடையாக வந்ததைக் காட்டுகின்றது.

கொடையாக வந்தது கொடையாகவே திரும்பவும் போகலாம். அன்றைய தினம் ஆவணங்கள் திறக்கப்படும் என்ற வாக்குறுதியும் அளிக்கப்பட்டது. ஜோசெத் 2019 பெப்ரவரியிற் காலமானார். 2020 அளவில், இரகசிய முத்திரையிடப்பட்ட பழைய தாள் ஒவ்வொன்றும் தனித்தனியே இரகசியம் நீக்கப்பட்ட பின்னரே காட்டப்படலாம் என்ற நிர்வாக நெறி இறுக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்டது. திறந்திருந்த பெட்டிகளும் ஆய்வாளருக்கு மூடப்பட்டன. வரலாற்றாசிரியரும் ஆவணக் காப்பாளரும், மொறிஸ், ஜோசெத் ஆகிய இருவரின் பெயரால் அமைந்த சங்கத்தினரும் வழக்குத் தொடுத்தனர். 2021 யூலை 2ஆம் திகதி அதியுயர் நிர்வாக நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதெனத் தீர்த்தது. அதே மாதம் 30ஆம் திகதி நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமொன்று, குறிப்பிட்ட சில வகை ஆவணங்களை ஐம்பது ஆண்டுக்கு அப்பாலும் மூடிவைக்க வகைசெய்தது. மொறிஸ் ஓடானின் உடல் கிடைக்கவில்லை.